முதலாளி காது வெச்சாச்சு

தங்காக்
4 பிப்ரவரி 2024

தம்பி ராஜுவுக்கு அக்கா வாசுகி எழுதுவது. நீயும் ஷாமளாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்வது, கேட்டால் பதில் வந்தால்தானே?

கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. தபால் நிலையத்தில் தபால்தலை கேட்டால் அங்கிருந்த மலாய்ப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அத்தை என்று முறை வைத்து, "மக்சிக், வாட்சப் இல்லையா?" என்கிறாள். "இருக்கு லா, என் தம்பிக்கு அது ஆவாதாம்" என்றேன். பக்கத்தில் நின்ற கிழவர் வேறு சிரிக்கிறார்.

நீயே சொல்லு. அந்தக் கண்ணாடிப் போனில் எனக்குத் தமிழ் எழுத்துத் தட்ட வராது. அதனால் பேசி அனுப்புகிறேன். ரவிக்கை தைத்துக்கொண்டே அனுப்புகிறேன், சமைத்துக்கொண்டே அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் "கேட்டுச்சா ராஜு?" என்று கேட்கிறேன். ஒன்றுக்காவது பதில் உண்டா? நேரே போன் அடித்தால் ஷாமளா எடுத்து, "அவரு குளிக்கிறாருக்கா" என்கிறாள். என்னுடைய தம்பி அவ்வளவு குளிக்கிறவன் இல்லை. கடைசியில் அவள்தான், "கடிதம் எழுதுங்கக்கா, அதுதான் மரியாதைன்னு சொல்றாரு" என்றாள். சரி, மரியாதையாகவே எழுதுகிறேன்.

விஷயம் லோகேஸ்வரனைப் பற்றியது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு உன் பட்டறைக்கு வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எல்லைப் பாலத்தில் தினமும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், தாய்மாமன் பக்கத்திலேயே இருப்பான் என்று நினைத்தேன். போன ஞாயிறு வந்தவன் சாப்பிடவேயில்லை. கேட்டால், "மாமாகிட்ட ஒன்னும் சொல்ல முடியலமா. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுறாரு, அப்புறம் வேற ஒன்னு செய்றாரு" என்கிறான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன?

உன் மச்சானுக்கு முட்டி வலி. மற்றபடி எல்லோரும் நலம். பதில் போடு.

அக்கா
வாசுகி


தம்போய்
2 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி தங்கராஜு வணக்கத்தோடு எழுதுகிறேன். இறைவன் புண்ணியத்தில் நாங்கள் நலம். மச்சானுடைய முட்டிக்கு ஷாமளா ஒரு தைலம் அனுப்பச் சொல்கிறாள்.

முதலில் ஒன்று. அது பட்டறை இல்லை, ஃபேக்டரி. ஏர்கான் பெட்டியைச் சுவரில் தாங்குகிற இரும்புச் சட்டங்கள் இங்கேதான் தகட்டில் அடித்து எடுக்கப்பட்டு, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகின்றன.

லோகேஸ் நல்ல பையன். படிப்பு இருக்கிறது, பொறுமை இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு சாமானைக் கொண்டுவந்தான். சென்சாராம். மெஷின் மேல் ஒட்டி வைத்தால் அதன் அதிர்வைப் போனில் காட்டுமாம், கெடுவதற்கு முன்பே சொல்லுமாம். ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, "மாமா, உங்க காதுக்குப் பதிலா இனிமே இத வெக்கலாம்" என்றான்.

அக்கா, உங்களுக்கு என் வழக்கம் தெரியும். காலையில் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போவேன். நுனி மெஷினில் இருக்கும், பிடி என் காதில் இருக்கும். நான் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் ஆட்கள் வேலையில் உட்காருவார்கள். "முதலாளி காது வெச்சாச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நேபாளத்துப் பையன்கள்கூட அதைத் தமிழிலேயே சொல்வார்கள். வாடிக்கையாளர்கள் வந்தால் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் காதை வைத்துத்தான் தகடு அடிக்கிற ஒரே ஒரு பழைய பிரஸ் மெஷினில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்தேன். இதைத் தீப்பெட்டிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறான். நம்பரைப் பார்த்து மெஷின் ஓட்டுகிறவனுக்கு மெஷின் பேசுவது எப்படித் தெரியும்?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதில் மனக்கசப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்
தங்கராஜு


தங்காக்
10 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். தைலம் வந்தது. மச்சான் பூசிக்கொண்டு வீடு முழுக்க நாறடிக்கிறார், ஆனால் நடக்கிறார்.

ஃபேக்டரி முதலாளி ஐயா அவர்களே, ஒரு சந்தேகம். எங்கள் ஊர்த் துணிக்கடை வரிசையில் ரவிக்கை தைக்கிற எனக்குத் தொழில்நுட்பம் என்ன தெரியும் என்று சிரிக்காதே. முந்தின வருஷம் லேசர் மெஷின் வாங்கினாய். பூசை போட்டு, மாலை போட்டு, படம் அனுப்பினாய். ஆபீசில் சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு திரை மாட்டினாய். புது மெஷின் என்றால் நீ என்றைக்கும் பின்வாங்கியதில்லை. இந்தத் தீப்பெட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு ரோஷம்?

எனக்கு இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. எந்தத் தையற்காரி தன் கண் போய்விட்டதென்று வாடிக்கையாளரிடம் சொல்வாள்? ஒருநாள் ஒருத்தி முன்னாலேயே நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணிக் கோக்க முடியாமல் திண்டாடினேன். அவள் பாவம் பார்த்து வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாளே கண்ணாடி போட்டுவிட்டேன், நூல் கோக்கிற கருவி ஒன்றும் வாங்கிவிட்டேன். இப்போது ராஜாத்தி மாதிரி தைக்கிறேன். சும்மா சொன்னேன்.

ஏப்ரலில் நம் சொந்தக்கார விஜயன் மகள் கல்யாணத்துக்கு உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன். அப்போது பேசுவோம். அதுவரை என் மகனைத் திட்டாதே.

அக்கா
வாசுகி


தம்போய்
12 மே 2024

அக்காவுக்கு வணக்கம். கல்யாணத்துக்கு வந்துபோன களைப்பெல்லாம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நலம்.

லோகேஸ் உங்களிடம் சொல்லியிருப்பான். வெள்ளிக்கிழமையோடு அவன் வேலைக்கு வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன்.

சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன். உடனே உங்கள் மகன், "மாமா, அவரு டெலிவரி பத்திக் கேக்கல. மெஷின எப்படிப் பராமரிக்கிறோம், அதுக்கு ரெக்கார்ட் இருக்கான்னு கேக்குறாரு" என்று அத்தனை பேர் நடுவில் திருத்தினான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா, அந்த இடத்தில் என் சட்டையைக் கழற்றி விட்டதுபோல் இருந்தது. அவர்கள் போனதும் அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

தலைமை தாங்குகிறவனை ஆட்கள் முன்னால் குறைத்துப் பேசுகிறவனை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். மன்னிக்க வேண்டும்.

தங்கராஜு


தங்காக்
16 மே 2024

ராஜு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன். உனக்குக் காது கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை நீ சமையலறையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். "ராஜு" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அடுப்பில் கெட்டில் விசிலடித்துக் கத்துகிறது, நீ பேப்பர் படிக்கிறாய். ஷாமளா ஓடிவந்து அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையே போதும். கல்யாண மண்டபத்தில் தவில்காரர் பக்கத்தில் யாரும் உட்காராத நாற்காலியில் நீ மட்டும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாய். அப்போதே நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. போனை எடுக்காதது, நான் பேசி அனுப்பியதைக் கேட்காதது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. லேசர் மெஷினும் அந்தத் திரையும் உன் காதைத் தொடவில்லை. அதனால் வாங்கினாய். இந்தத் தீப்பெட்டி வந்தால் உன் காது வேலை செய்யவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் வேண்டாம் என்றாய். அதற்காக என் மகனைத் துரத்தினாய்.

அட மடையா, வயசானால் காது போகாதா? அத்தனை வருஷம் அந்த இடியில் நின்றவனுக்குப் போகாமல் என்ன செய்யும்? டாக்டரிடம் போ. ஆனால் காது கேட்காமல் காது வைக்காதே ராஜு. உன் தலையாட்டலை நம்பி ஆட்கள் கை வைக்கிறார்கள். நம் பாலோ ஊர்ச் செல்லப்பன் மகள் கஸ்தூரியை நான்தான் சொல்லி உன்னிடம் சேர்த்துவிட்டேன். அவளும் அங்கேதான் உட்காருகிறாள்.

வாசுகி


தம்போய்
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

இனிமேல் என் காதைப் பற்றி எழுத வேண்டாம். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பிரஸ் ஃபேக்டரி முதலாளிக்குக் காது போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பினால் நாளைக்கு எவன் ஆர்டர் கொடுப்பான்? எவன் என் சொல்லை நம்பி மெஷினில் உட்காருவான்? இதை நீங்கள் மச்சானிடமோ லோகேஸிடமோ வேறு யாரிடமோ சொன்னால், எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை.

தங்கராஜு


தம்போய்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இரண்டு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. என் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் எழுதாததில் தப்பில்லை. உங்கள் உடம்பும் மச்சான் உடம்பும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு விபத்து நடந்துவிட்டது. கஸ்தூரிக்கு மூன்றாம் நம்பர் மெஷினில் அடிபட்டுவிட்டது. அடித்துவிட்டு மேலே போன பிரஸ், யாரும் பெடலை மிதிக்காமல் தானாகவே இன்னொரு தடவை இறங்கிவிட்டது. அவள் சட்டத்தை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை.

மெஷின் பழசு. உள்ளே தேய்ந்திருந்ததாம். பாதுகாப்பு அதிகாரி வந்து விசாரித்தார். அவர் மலாயில் கேட்டார், கஸ்தூரி பதில் சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். கஸ்தூரி என்மேல் குறை எதுவும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார். மரியாதையாகவே முடிந்தது.

ஆனால் அன்றையிலிருந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை அக்கா. பத்து விரலும் முழுசாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஷாமளா கரண்டி கொடுத்திருக்கிறாள். விசாரணை முடிந்து எழுந்தபோது கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி
தங்கராஜு


தங்காக்
1 செப்டம்பர் 2024

ராஜு,

கஸ்தூரி ஏன் அப்படிப் பார்த்தாள் என்று உனக்குத் தெரியவில்லையா? நான் சொல்கிறேன். லோகேஸ் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மெஷினில் கோளாறு இருந்தது தெரியுமா, முதலாளியிடம் யாராவது சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். கஸ்தூரி, "சத்தம் வந்துச்சு. நான்தான் பாஸ்கிட்ட சொல்லல. என் தப்புதான்" என்று மலாயில் சொன்னாள். அதிகாரி உன் பக்கம் திரும்பி, "பெத்துல் கா, என்சிக்?" என்றார். இவள் சொல்வது சரிதானா என்று கேட்டார். நீ "பெத்துல், பெத்துல்" என்று தலையாட்டினாய். அதைத்தான் அவர் எழுதிக்கொண்டு போனார்.

அவள் உன்னிடம் சொன்னாளா இல்லையா? சொன்னாள். நீ வந்து ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒன்னுமில்ல, ஓட்டு" என்றாய். இந்த விவரம் உன் கடிதத்தில் இல்லை. மெஷின் பழசு என்று மட்டும் எழுதுகிறாய்.

லோகேஸிடம் அவள் விரலுக்காக அழவில்லையாம். "ஃபேக்டரிய மூடிட்டா அத்தன பேரும் எங்க போவாங்க, அதான் நானே ஏத்துக்கிட்டேன். ஆனா அண்ணே ஒரு வார்த்த, 'இல்ல, இவ சொன்னா'ன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். பெத்துல்னுட்டாரு" என்று அழுதாளாம்.

நீ அவள் சொன்னதைக் கேட்காமல்தான் தலையாட்டினாய் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான் என்பதுதான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது ராஜு. உன்னை நினைத்து மட்டும் இல்லை. என் பங்கும் ஒன்று இதில் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன். நீ முதலில் செய்ய வேண்டியதைச் செய்.

வாசுகி


தம்போய்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி வருகிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வருஷம் பலகாரம் இல்லை.

உங்கள் கடிதம் வந்து நெடுநாளாகிறது. படித்த அன்று ஃபேக்டரிக்குப் போய் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். 'பெத்துல், பெத்துல்' என்று நானே சொல்லிப் பார்த்தேன். காது மங்க ஆரம்பித்ததிலிருந்து எத்தனை பேருக்கு இப்படித் தலையாட்டியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால் செவிடன் என்று தெரிந்துவிடும். அதற்குத் தலையாட்டுவது சுலபம். அது பழகிப்போய்விட்டது. ஆட்களுக்கெல்லாம் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன், நான் மட்டும் போடவில்லை. முதலாளி காதை மூடினால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன்.

விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை கஸ்தூரி வந்து, "அண்ணே, மூனாம் நம்பர்ல கரகரன்னு ஒரு சத்தம் வருது" என்றாள். உதட்டைப் பார்த்து அது புரிந்தது. போய்க் காது வைத்தேன். அக்கா, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரகரப்பு மட்டும் இல்லை, மெஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கைக்கு அதிர்வது மட்டும் தெரிந்தது. எல்லோரும் சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒன்னுமில்ல, ஓட்டு" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அல்லவா?

கஸ்தூரி வீட்டுக்குப் போகவே எனக்கு இவ்வளவு நாளாகியது. மூன்று தடவை அவள் பிளாட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். போன வாரம்தான் மாடி ஏறினேன். அவள் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. வழக்கம்போல் தலையாட்டப் போனேன், கழுத்து அசையவில்லை. "எனக்குக் கேக்கல கஸ்தூரி. காது போயிருச்சு. ரொம்ப நாளாவே கேக்கல. திரும்பச் சொல்லும்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். பிறகு உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "நீங்க காது வெச்சுப் பாத்துட்டு ஒன்னுமில்லன்னீங்கண்ணே. எனக்குத்தான் காது சரியில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்கா, அவள் என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

லோகேஸைக் கூப்பிட்டேன். வந்தான். அவனோடு அதிகாரியிடம் போனேன். அவர் கேட்ட ஒவ்வொன்றையும் லோகேஸ் தாளில் எழுதிக் காட்டினான், நான் வாயால் பதில் சொன்னேன். அவள் சொன்னாள், நான் ஓட்டச் சொன்னேன், எனக்குக் காது கேட்காது என்று முழுவதையும் சொன்னேன். கஸ்தூரி பேரில் எழுதியிருந்ததை மாற்றி எழுதினார். வழக்கு என் பேரில் வரும். சிங்கப்பூர்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அது அவர்கள் நியாயம்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகு ஆட்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவர்களிடமும் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நேபாளத்துப் பையன் ஒருவன் மட்டும் தரையைப் பார்த்தான். சென்சார்களை ஒவ்வொரு மெஷினிலும் லோகேஸ் பொருத்தினான். மாமா என்று இன்னும் கூப்பிடவில்லை. மூன்றாம் நம்பரை அதிகாரி பூட்டி வைத்திருக்கிறார். அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும், தினமும் போகிறேன்.

உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

தங்கராஜு


தங்காக்
26 அக்டோபர் 2024

என் ராஜுவுக்கு,

படித்து முடித்து மச்சானிடம் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

கஸ்தூரியை நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தையல் சொல்லித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்துவிட்டு அவள் கையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் எப்போதும் இப்படித்தான். அவள்தான் சிரித்தாள்.

காதுக்குக் கருவி வாங்கிப் போட்டுக்கொள். வெளியே தெரிகிற மாதிரியே வாங்கு. லோகேஸ் கூப்பிடுவான், அவசரப்படுத்தாதே. பலகாரம் கொஞ்சம் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கையால் எடுத்துச் சாப்பிடு.

போன கடிதத்தில் என் பங்கு ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது ஒன்றும் பெரிதில்லை. விட்டுவிடு.

அக்கா
வாசுகி


தம்போய்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் அனுப்பிய முறுக்கைக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். கடிக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. கருவி போட்ட இரண்டாம் நாள் அது. இரண்டு காதிலும் வெளியே தெரிகிற மாதிரிதான் மாட்டியிருக்கிறேன். ஷாமளா இனிமேல் கத்திப் பேச வேண்டாம், ஆனால் பழக்கதோஷத்தில் கத்துகிறாள்.

கஸ்தூரி ஜனவரியில் வேலைக்கு வருகிறாளாம். மெஷின் பக்கம் இல்லை. எந்த மெஷினையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்கிற பொறுப்பு அவளுக்கு. அவள் நிறுத்தச் சொன்னால் நானும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். லோகேஸ்தான் எழுதினான். ஒட்டிவிட்டு, "சரியா மாமா?" என்றான். அது கேட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேசி அனுப்பியதெல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். உங்கள் குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது அக்கா. ரவிக்கைக்காரியைத் திட்டுகிறீர்கள், பூனையைத் திட்டுகிறீர்கள், என்னைத் திட்டுகிறீர்கள். பாதியில் தையல் மெஷின் ஓடுகிறது.

நேற்று கடைசியில் இருந்ததற்கு வந்தேன். ஜூலை மாதத்தில் அனுப்பியது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதாமல் இருந்த நேரம். அதில் தையல் மெஷின் சத்தம் இல்லை. மெதுவாகப் பேசுகிறீர்கள். "ராஜு, கஸ்தூரி போன் பண்ணுனா. மூனாம் நம்பர்ல கரகரன்னு சத்தம் வருதாம், நீ ஒன்னுமில்லன்னுட்டியாம். அவளுக்குப் பயமா இருக்காம். உன் காது விஷயத்த நான் அவகிட்ட சொல்லல. நீ சொல்லக் கூடாதுன்னுட்ட, உன் மானம் போயிரக் கூடாது. அண்ணன் பாத்துக்குவான்னு மட்டும் சொன்னேன். நீயே ஒரு ஆள வெச்சுப் பாத்துரு. கேட்டுச்சா ராஜு?"

நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்தும் ஏன் பேசி அனுப்பினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். எழுத வேண்டாம் என்று நான்தானே எழுதினேன்? அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். நீங்கள் அதை அனுப்பிவிட்டு எத்தனை நாள் பதிலுக்குப் பார்த்திருப்பீர்கள், பிறகு விபத்து என்று என் கடிதம் வந்தபோது எப்படி இருந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்தப் பழியை இனிமேல் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். பாதி என்னுடையது. பாதிக்கு மேலேயே என்னுடையது.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போன் செய்கிறேன். குளிக்கப் போக மாட்டேன்.

கேட்டுச்சுக்கா.

தம்பி
ராஜு